பேர் கேட்காமல் சொன்ன சாட்சி

2022 ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததைச் சொன்னேன். நாட்டிலே ஒரு சொட்டுப் பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில் "கர்த்தர் எங்களுக்கு ஒரு வாகனத்தை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார்" என்றேன். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததையும் சொன்னேன். பலர் அல்லேலூயா என்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் 'அம்மாவின் சுகத்துக்காக' என்று எழுதி ஐயாயிரம் ரூபா வைத்துப் போட்டேன். மனம் நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"சாட்சி சொன்னனியோ தம்பி?"

"ஓம் அம்மா."

"அந்த த்ரீவீல்காரப் பிள்ளையைப் பற்றியும் சொன்னனியோ?"

"சொன்னேன்தானே. கர்த்தர் ஒரு வாகனம் அனுப்பினார் எண்டு சொன்னேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அவற்ற பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு கேள்வி என்னை மூன்று வருடமாக விடவில்லை. நன்றி என்ற விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அது ஜூன் மாதக் கடைசி. அந்த வாரத்தைக் கொழும்பில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றர் 470 ரூபாவாக ஏறியது. 27ஆம் திகதி இரவு, ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. காலி வீதியில் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையில் நின்ற இடத்திலேயே நின்றன. ஆட்கள் உள்ளேயே படுத்துத் தூங்கினார்கள். மற்றப் பக்கம் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கடல் சத்தம் எங்கள் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. அவ்வளவு அமைதியான வெள்ளவத்தையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அம்மா விழுந்தது மாலை ஏழு மணி போல. மின்வெட்டு நேரம். மெழுகுதிரி வெளிச்சத்தில் படி தெரியவில்லை. என் மனைவியின் கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை, என்னுடையதில் சிக்னல் இல்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்க நான்கு முறை முயன்றேன், அழைப்பே போகவில்லை. ஒழுங்கை முகப்புக்கு ஓடினேன். மூன்று த்ரீவீல்கள் நின்றன. இரண்டு பேர் கையை விரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, உண்மையிலேயே அவர்களிடம் எண்ணெய் இல்லை. மூன்றாமவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். "எங்கே?" என்று கேட்டார். களுபோவில ஆஸ்பத்திரி என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் ஏதோ கணக்குப் பார்த்தவர்போல் இருந்துவிட்டு, "வாங்க, அம்மாவக் கூட்டிட்டு வருவோம்" என்று இறங்கினார்.

வீட்டுக்குள் வந்து, அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து என்னோடு சேர்ந்து தூக்கினார். பாமன்கடை, கொஹுவல வழியாகப் போனோம். ஒவ்வொரு குழியிலும் வேகத்தைக் குறைத்தார். அம்மா வலியில் உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ட்ரொலியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவர்தான். எவ்வளவு என்று கேட்டேன். "தாறதத் தாங்க" என்றார். ஆயிரம் ரூபா கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்தார். நான் ட்ரொலிக்குப் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஆயிரம் ரூபாதான் என்னை ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். காசு கொடுத்தாயிற்று, அந்தக் கணக்கு முடிந்தது என்று மனம் தானாகவே எழுதிவிட்டது. மனிதரோடு கணக்கு முடிந்த பிறகு மிச்சமிருந்த உணர்வு முழுவதையும் கொண்டுபோய் ஆண்டவரிடம் கொடுத்தேன். அது பக்தி போலவே இருந்தது. பாதி பக்திதான் அது.

அம்மா கேட்ட அன்று இரவு லூக்கா 17ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பத்துக் குஷ்டரோகிகளின் கதை. சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் படித்தது, எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டது. ஒன்பது பேர் நன்றி கெட்டவர்கள், ஒருவன் நல்லவன் என்றுதான் எனக்குள் பதிந்திருந்தது. அன்றைக்கு மெதுவாக வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்று இயேசுதான் அனுப்புகிறார். குஷ்டம் நீங்கியவன் ஆசாரியனிடம் போய்க் காண்பித்துச் சடங்கு முடிக்க வேண்டும் என்பது லேவியராகமத்தில் உள்ள சட்டம். ஒன்பது பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சொன்ன சொல்லை மீறவில்லை. ஆசாரியனிடம், ஆலயத்தை நோக்கி, காணிக்கை செலுத்தத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் பாதி வழியில் நின்று, திரும்பி, தன்னைச் சுகமாக்கிய மனிதரிடம் வந்து காலில் விழுகிறான். அவன் சமாரியன், மற்றவர்களின் ஆலயத்தில் அவனுக்கு இடமும் இல்லை.

"மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று ஆண்டவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரிந்தது. ஒன்பதில் ஒருவன் வெள்ளவத்தையில், கையில் காணிக்கை உறையோடு, சபையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் சொல்ல வருவதைச் சரியாகச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்வது தவறில்லை, காணிக்கை போடுவதும் தவறில்லை. தேவன்தான் அந்த வாகனத்தை அனுப்பினார் என்பதை இன்றும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அனுப்பியவருக்கு நன்றி சொல்லி, வந்தவரை ஒரு 'வாகனம்' என்று சுருக்கிவிட்டேன். நம் சபைகளில் இது பழகிப்போன பேச்சு. "கர்த்தர் ஒரு சகோதரர் மூலமாக", "ஆண்டவர் ஒரு கதவைத் திறந்தார்". அந்தச் சகோதரருக்கு ஒரு பேர் இருக்கிறது. கதவைத் திறந்த கைக்கும் ஒரு பேர் இருக்கிறது.

பவுல் அப்படிச் செய்யவில்லை. ரோமர் 16ஆம் அதிகாரத்தை நாம் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, அவர்கள் செய்ததையும் சொல்கிறார். "அவர்கள் என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள்" என்று எழுதி, தானும் சபைகளும் அவர்களைப் பற்றி 'நன்றியறிதல்' உள்ளவர்களாக இருப்பதாகச் சொல்கிறார். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். திருக்குறளிலும் அந்த அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்றுதான் பேர். பழைய தமிழில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை அறிய வேண்டும் என்கிறார்கள். சொல்வது அதற்குப் பிறகுதான். யார், என்ன, எந்த நிலையில் நின்று செய்தார் என்று அறியாமல் 'நன்றி' என்று சொன்னால், சொல் மட்டும்தான் போகும்.

கொழும்பில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. பஸ்ஸில், கடையில், வங்கியில் சிங்களத்தில் 'ஸ்தூதியி' என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம். அதுவும் நம் ஸ்துதியும் ஸ்தோத்திரமும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். மீன்காரரிடம் மீதிக் காசு வாங்கும்போது சொல்வதும், ஆராதனையில் கையுயர்த்திச் சொல்வதும் பிறப்பால் ஒரே வார்த்தைதான். இதை உணர்ந்த பிறகு பஸ் கொண்டக்டரிடம் 'ஸ்தூதியி' என்று சொல்லும்போது ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சரி, அவரைத் தேடினேனா? உடனே தேடவில்லை. அடுத்த வாரம் ஒழுங்கை முகப்பில் விசாரித்தேன். அவர் அந்தப் பக்கம் வருவதில்லை என்றார்கள். லீசிங் கட்ட முடியாமல் த்ரீவீலைக் கொண்டுபோய்விட்டார்களாம். அவரை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள், பேர் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன். வேலை, அம்மாவின் பிசியோதெரபி, பிள்ளையின் பள்ளிக்கூடம், அந்த வருடத்து விலைவாசி. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஆனால் அம்மாவின் கேள்வி வேறு இடங்களில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

முதலாவது, ஆஸ்பத்திரி வார்ட். அம்மா அங்கே இருந்த நாட்களில் ஒரு சதம் கட்டணம் கேட்கவில்லை. அதை நாம் வெயில் மழைபோல எடுத்துக்கொள்கிறோம். மருந்துகளுக்கே தட்டுப்பாடு இருந்த அந்த நேரத்தில், மருத்துவத் தாதிகள் பஸ் இல்லாமல் நடந்தும் சைக்கிளிலும் வேலைக்கு வந்தார்கள். நான் மூன்று பேரின் பேரை விசாரித்து, யார் என்ன செய்தார் என்று ஒரு கடிதம் எழுதினேன். எழுதுவதற்கு மனைவியும் அம்மாவும் உதவினார்கள். ஒருவர் இரவு இரண்டு மணிக்கு வந்து அம்மாவின் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தவர். இன்னொருவர் தமிழ் தெரியாமலே "நோகுதா?" என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவர். வார்ட் பொறுப்பாளரிடம் அதைக் கொடுத்தபோது அவர் உறையைப் பிரிக்கவே தயங்கினார். முறைப்பாடு என்று நினைத்துவிட்டார். வாசித்ததும் மற்றவர்களைக் கூப்பிட்டு சிங்களத்தில் உரக்க வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஒருவர் நல்லது செய்தால், அவருக்குச் சொல்வதோடு அவருக்கு மேலே இருப்பவருக்கும் எழுத்தில் சொல்வேன். பத்து நிமிட வேலை. குறைசொல்லும்போது மேலதிகாரியின் பேரைத் தேடிப்பிடிக்கிறோமே, அதே அக்கறை இதற்கும் வேண்டும்.

இரண்டாவது வீடு. இது கடினமானது. தமிழ் வீடுகளில் நன்றி சொன்னால் அந்நியமாகப் படும். என் மனைவிக்கு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நன்றி சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், என்ன நடந்தது?" என்று பயந்து கேட்டாள். 'உனக்கு ஏன் நன்றி, நீ என்ன வெளியாளா' என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வளர்ப்பில் ஒரு அழகு இருக்கிறது, அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒருவர் செய்வதைப் பார்க்காமலே இருபது வருடம் வாழ்ந்துவிடவும் முடியும். அதனால் சொல்லை விட்டுவிட்டேன், பார்த்ததைச் சொல்கிறேன். "சொதிக்குத் தேங்காய்ப்பால் குறைவாக இருந்தும் இண்டைக்கு நல்லா வந்திருக்கு." "அம்மாவின் மருந்துப் பெட்டியை நீதான் அடுக்கி வைத்தாய், கண்டேன்." அவ்வளவுதான். இதற்கு அவள் ஒருநாளும் பயப்படவில்லை. அப்புறம், அவள் செய்யும் ஒரு வேலையை வாரத்துக்கு ஒருமுறை நான் செய்து பார்த்தேன். அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் சூடாக்கி, நாற்காலி வைத்து, பிடித்து உட்காரவைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அறிதல் என்று சொன்னேனே, அது இப்படித்தான் வருகிறது.

என் மனைவி ஹட்டன் பக்கம். அவளுடைய அம்மம்மா ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தவர். 2023இல், மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று சபைகளில் ஜெபம் வைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, அந்த முன்னோர் நடந்து வந்த வழியிலேயே ஒரு நடைபயணமும் நடந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஜெபம் சொன்னேன். "இந்த உணவைத் தந்ததற்காக ஸ்தோத்திரம்" என்ற வழக்கமான ஜெபம். அவள் மெதுவாக, "பறிச்சவங்களையும் சொல்லுங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு உறைத்தது. நாள் சம்பளம் 1000 ரூபா ஆவதற்கே 2021 வரைக்கும் காத்திருந்த மக்கள் பறித்த தேயிலை அது. அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு ஜெபத்தில் விதைத்தவர், பறித்தவர், சுமந்தவர், சமைத்தவர் என்று வரிசையாக வரும். கொஞ்சம் நீளம்தான், மகள் சில நாட்களில் முணுமுணுப்பாள். ஆனாலும் விடவில்லை. இப்படி ஜெபித்த பிறகு அந்த மக்களின் சம்பளத்தைப் பற்றிய செய்தி வந்தால் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை. நன்றி அங்கேயும் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான், ஆனால் இதை வாசிக்கும் விசுவாசிகளுக்கு இதுதான் மிகவும் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

2021இல் கோவிட்டில் கணவரை இழந்த ஒரு அக்கா எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருவார். ஒருநாள் நான் வசனம் எடுத்துப் பேசினேன். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." முதலாம் தெசலோனிக்கேயர் 5:18. அக்கா, "தம்பி, எனக்கு அது வருகுதில்லை" என்றார். நான், "சொல்லச் சொல்ல வரும் அக்கா" என்றேன். அவர் மூன்று மாதம் வரவில்லை.

எங்கள் போதகர் ஐயாதான் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "எல்லாவற்றிலேயும் என்று இருக்கிறது தம்பி. நெருப்புக்குள் நிற்கும்போதும் தேவனைப் பற்றிக்கொள் என்கிற வார்த்தை அது. நெருப்புக்காக நன்றி சொல் என்று அந்த அக்காவிடம் நீர் கேட்டிருக்கிறீர்" என்றார். எபேசியரில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றும் இருக்கிறதே என்று கேட்டேன். "இருக்கிறது. அதை ஒருவர் தன் வாயால் தனக்காகச் சொல்லலாம். இன்னொருவரின் பாடையருகே நின்று அவருக்கு நீர் சொல்லிக்கொடுக்க வேண்டாம்" என்றார். சங்கீதங்களில் எத்தனை அழுகையும் முறையீடும் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணினேன். நாம் ஞாயிற்றுக்கிழமை பாடாத சங்கீதங்கள் அவை.

அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுத் தானாகவே சொன்னார். தனிமைப்படுத்தலில் இருந்த 14 நாளும் பக்கத்து வீட்டார் கேற்றில் சாப்பாட்டுப் பொதியைத் தொங்கவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போவார்களாம். ஒருநாள் இடியப்பம், ஒருநாள் பாண், ஒருநாள் பால்சோறு. "அதுக்கு நான் சாகும்வரைக்கும் நன்றி சொல்லுவன் தம்பி. அவற்ற சாவுக்குச் சொல்லமாட்டன். கர்த்தர் அதுக்குக் கோவிக்கமாட்டார்." நான் அன்று வசனம் ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் நன்றியைக் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் அது அவர்களிடம் இருக்கிறது. தங்கள் நேரத்தில் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு இந்துக் குடும்பம். அந்த வீட்டு அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவார். மகனுக்குச் சுகம் வேண்டி வைத்த நேர்த்தி, அது நிறைவேறிப் பல வருடமாகிறது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே குண்டு வெடித்த பிறகும், கோவில் திரும்பத் திறந்ததும் போகத் தொடங்கிவிட்டார். நேர்த்தி, மெழுகுதிரி எல்லாம் எங்கள் சபையின் வழக்கமில்லை. முன்பெல்லாம் அதைக் கொஞ்சம் கீழாகவே பார்த்தேன். இப்போது அவரைக் காணும்போது ஒன்றுதான் நினைக்கிறேன். கிடைத்த பிறகும் திரும்பிப் போகிறார்.

2024 ஜனவரியில் அவர்தான் எனக்கு வழி காட்டினார் என்று சொல்ல வேண்டும். அவரை ஏற்றிக்கொண்டு போகும் த்ரீவீல்காரர் அந்த நானாவோடு முன்பு ஒரே இடத்தில் ஓடியவர். "நானா இப்ப பேலியகொட மெனிங் மார்க்கட்டில மூட்டை தூக்குற நாட்டாமி வேலை. விடிய நாலு மணிக்குப் போனா பிடிக்கலாம்" என்றார்.

போனேன். லொறிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கோவா, லீக்ஸ், கறட். மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்க இடமில்லை. ஒவ்வொருவரிடமும் முன்பு வெள்ளவத்தையில் த்ரீவீல் ஓடிய நானா என்று கேட்டு, ஒருவர் கைகாட்ட, தோளில் சாக்கோடு ஒரு மனிதர் திரும்பினார். முகம் எனக்கு நினைவில்லை என்று நினைத்திருந்தேன். பார்த்ததும் நினைவு வந்தது.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. களுபோவில, பிளாஸ்டிக் கதிரை என்றதும் கண்கள் விரிந்தன. "அந்த அம்மா! சத்தமா ஜெபம் பண்ணிட்டு வந்தாங்களே. இருக்காங்களா?" என்றார். இருக்கிறார், வோக்கர் பிடித்து நடக்கிறார் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ப்ளேன்டீ குடித்துக்கொண்டு கதைத்தோம். அப்போதுதான் மற்றக் கதை வந்தது, நான் கேட்டதால். அன்றைக்கு அவர் த்ரீவீலில் இருந்தது இரண்டு இரவு வரிசையில் நின்று பிடித்த பெற்றோலின் மிச்சம். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். வலி வந்தால் ஓட வேண்டும் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தாராம். ஓடாமலே ஏன் அங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். வீட்டில் சும்மா இருக்க மனம் வரவில்லை என்றார். நான் வந்து கேட்டபோது அவர் பார்த்த கணக்கு அதுதான். எங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கொஹுவல சந்தியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாமன்கடையில் இருந்த வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

எனக்கு வார்த்தை வரவில்லை. ஆயிரம் ரூபா, ஒரு வாகனம், ஒரு சாட்சி என்று நான் முடித்து வைத்திருந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது. திரும்பி வராமல் இருந்திருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

"பிறகு மனைவிக்கு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயா அரைப் போத்தல் தந்தார் அண்ணன். அவரிட மோட்டார்சைக்கிள்ள இருந்து இழுத்து. மகன் பிறந்தான். ஒவ்வொரு பெருநாளைக்கும் நான் அவங்க வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டு போறேன். இங்க வந்து வீடு மாறின பிறகும் போறேன்."

அவருக்கு யாரும் ரோமர் 16 படிப்பித்திருக்க மாட்டார்கள்.

காசு கொடுப்பதா வேண்டாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். கொடுக்கவில்லை. முன்பு ஒருமுறை காசால் மூடிய கதவு அது. மகனுக்கு என்ன வயது, எங்கே இருக்கிறார்கள், லீசிங் கடன் என்ன ஆனது என்று கேட்டேன். அந்தக் கடனில் இன்னும் ஒரு பகுதி இருந்தது. எங்கள் சபையில் வங்கியில் வேலைசெய்யும் ஒருவர் இருக்கிறார். அவரோடு பிறகு இரண்டு முறை உட்கார்ந்து தவணையைக் குறைக்கும் வழி பார்த்தோம். அது உபகாரத்துக்குக் கைமாறு இல்லை. அறிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க, பேர் மட்டும் போட வேணாம்" என்றார். அதனால்தான் இங்கே இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது.

அன்று காலை விடியும் நேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரென்று சொல்லாமல் நானாவின் கையில் கொடுத்தேன். அவர் சாக்குப் புழுதிக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். "அம்மா, நான்தான், அண்டைக்கு த்ரீவீல்ல..." என்று தொடங்கினார். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது, அவ்வளவு உரக்க.

"மகன், உங்கட பேர் என்ன ராசா?"

அவர் சொன்னார். அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை. லொறிச் சத்தத்துக்கு நடுவே, காதைப் பொத்திக்கொண்டு, அவர் எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொன்னார்.